புண்ணும் மூன்று நாள் தண்ணீரும்

எனக்கு எழுதுகிற பழக்கம் வந்ததே காலில் வந்த புண்ணால்தான். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தேன். அதற்கப்புறம் கையெழுத்துப் போடவும், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரைப் படிக்கவும் தவிர எழுத்து எனக்கு வேண்டியிருக்கவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காத ஆள் நான். கல்யாண வீட்டில்கூடச் சமையல் பக்கமாகப் போய் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் நாலு வரி எழுதச் சொன்னார்கள். புண் எப்படி இருக்கிறது, அன்றைக்கு என்ன செய்தேன், அவ்வளவுதான். அந்த நோட்டில் நான் ஒரு பொய் எழுதினேன். அதைப் பற்றித்தான் இது.

எங்கள் ஊர் சூலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. விடிந்தால் அடைந்தால் தறிச் சத்தம்தான். நான் பக்கத்துத் தறிக்குடோனில் தார் சுற்றுகிறேன். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. மிஷின்தான் சுற்றும், ஆனாலும் அறுந்த நூலை முடியவும், நிறைந்த குச்சியைக் கழற்றவும் ஒரு ஆள் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. மகன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பான். வீட்டில் நானும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற மருமகளும்தான்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் இருக்கும். பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோய்விட்டது. கல் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மருமகள் வாசலிலேயே நின்று, "ஏனுங்கத்தை, குங்குமத்தைக் கொட்டிப்போட்டீங்களா? ஊடெல்லாம் பொட்டுப் பொட்டா இருக்குது" என்றாள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பொட்டுகள் என் பின்னாலேயே வந்திருந்தன. செருப்பில் ஒரு ஆணி ஏறி, வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே அடிப்பாதத்தில் இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டேதான் தார் சுற்றியிருக்கிறேன்.

மஞ்சள் பொடி வைத்தேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி, அடுத்த வீட்டில் இருக்கிறார். அவர் வேலியோரத்திலிருந்து வெட்டுக்காயத் தழையைப் பறித்துவந்து கசக்கிப் பிழிந்தார். "மூணே நாளு பாரு, தடங்கூடத் தெரியாது" என்றார். வேறு ஆளுக்கு ஆறியிருக்கும். எனக்கு இரண்டு மாதத்தில் புண் அஞ்சு ரூபாய்க் காசு அகலத்துக்கு வந்து, நாற்றமும் பிடித்தது.

மருமகள் ஒருநாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கோயமுத்தூருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சர்ஜன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாதத்துல முன்பாதியை எடுத்துட்டா மேல ஏறாதுங்கம்மா. எடுத்தரலாங்களா?" என்றார்.

"செரிங்க" என்றேன்.

வெளியே வந்ததும் மருமகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னத்தை இது, காய்க்காரன்கிட்டச் சொல்ற மாதிரி செரிங்கன்னுட்டு வாறீங்க. அது உங்க காலுங்க."

"பெரிய டாக்டரு கேக்கறப்ப வேண்டாங்கன்னா மரியாதையா இருக்குமா கண்ணு?"

"எங்க பெருந்துறைப் பக்கம் மரியாதைக்குக் காப்பிதானுங்க குடுப்போம். காலைக் குடுக்கமாட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. எங்கள் வீதியிலேயே தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் விரல், அப்புறம் பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் வேலையோ நின்றுகொண்டே செய்கிற வேலை. நின்றால்தான் எனக்குச் சோறு என்பதில்லை, மகன் போடுவான். ஆனால் நிற்கிற வரைக்கும்தான் நான் நான். அந்த வராண்டாவிலேயே முடிவு செய்தேன்: இந்தக் காலை விடக்கூடாது. யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் மட்டும் திரும்ப உள்ளே போய், வேறு வழி உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

உண்டு என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில் ஆறாத புண்ணுக்கென்று ஒரு தனிப் பிரிவு. அங்கே புது மருந்து ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள். சர்ஜன் டாக்டர், "நாலு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள மூடலைன்னா எடுக்கறதைத் தவிர வழியில்லைங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் மருமகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. நாற்காலியை இழுத்து என் காலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு, சொல்லத் தொடங்கினார்.

"தொப்புள்கொடி தெரியுமுங்கள்ல. கொழந்தை பொறந்ததும் வெட்டித் தூக்கிப் போட்டறமே, அதுல ஸ்டெம் செல்லுன்னு ஒண்ணு இருக்குதுங்க. பெத்தவங்களைக் கேட்டு அதை வாங்கி, லேப்ல ஒரு சத்துத் தண்ணியில வெச்சு வளத்துவாங்க. வளர்றப்ப அது அந்தத் தண்ணியில சிலதைக் கசிய விடும். அப்பறம் செல்லையெல்லாம் எடுத்துப்போட்டு, கசிஞ்சதை மட்டும் சுத்தம் பண்ணி ஜெல்லாக்கி உங்க புண்ணுல வெப்போம். அதுக்குப் புண்ணை ஆத்தற சத்து இருக்குதான்னுதான் பாக்கறோம்."

என் மகனுக்குக் காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டியிருந்தோம். விழுகிற முனையை மட்டும்தான் நாங்கள் வைப்போம். மீதி எங்கே போகிறது என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு டாக்டரிடம் நான் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அன்றைக்குத்தான். "அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"ஒண்ணும் ஆவாதுங்கம்மா. அது ஊட்டுக்குப் போயி நிம்மதியாப் பாலு குடிச்சுட்டிருக்கும்."

"அப்பச் செரிங்க."

"செரிங்கன்னு மட்டும் சொன்னா நான் கையெழுத்து வாங்கமாட்டேன். உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு உங்க வாயால சொல்லோணும்."

 மருமகளைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னேன். "ஆளு வர்றதில்லீங்க, சேதி மட்டும் வருதுங்க. கொடியில இருக்கற செல்லு என்ர காலுக்குள்ள வராது. அது சொல்லி உட்ட சேதி வரும். அதைக் கேட்டு என்ர சதைதான் எந்திரிச்சு வேலை செய்யோணும்."

டாக்டரம்மா அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "நாளைக்கு வர்றவங்களுக்கு நான் இதையே சொல்லிக்கறேனுங்க" என்றார். பிறகு, இது கடையில் விற்கிற மருந்து இல்லை, ஆறும் என்று உறுதி கிடையாது, விரல்விட்டு எண்ணுகிற ஆட்களுக்குத்தான் வைத்துப் பார்க்கிறோம், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். "நீங்க செய்ய வேண்டியது கொஞ்சந்தான். கட்டு நனையக்கூடாது. அந்த இடத்தை ஊனி மிதிக்கக்கூடாது. எது நடந்தாலும் இந்த நோட்டுல எழுதிரணும்."

கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் போக வேண்டும். மருமகளுக்கு லீவு கிடைக்காத நாளில் வீதியில் யாராவது ஒருத்தர் கூட வருவார்கள். சிஸ்டர் முதலில் கட்டைப் பிரித்து, செத்த சதையைச் சுரண்டி எடுப்பார். எனக்கு வலி தெரியாது, பார்க்கத்தான் முடியாது. அப்புறம் ஒரு சின்ன ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுப்பார்கள். மருந்து ஐஸ் பெட்டியில் வரும். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் புட்டி. அதைச் சிஸ்டர் உள்ளங்கையில் பொத்தி வைத்து உருக விடுவார். நான் அது ரத்தம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெறும் கஞ்சித் தெளிவு மாதிரிதான் இருந்தது.

"இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு செய்யறதுக்கே லேப்ல எத்தனை நாளு ஆவுதுன்னு தெரியுமுங்களா? சித்தெ ஆடாம இருங்க, ஒரு சொட்டு கீழ போனா எனக்குத் திட்டு விழும்" என்றார் சிஸ்டர்.

புண் இருக்கிற இடம் தரையில் படாத மாதிரி வெட்டிய ஸ்பாஞ்ச் வைத்து, சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்று செய்கிற எம்சிஆர் செருப்பு ஒன்றும் கொடுத்தார்கள். குடோனில் லீவு சொல்லிவிட்டேன். காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவது தார் சுற்றுவதைவிடக் கஷ்டம். நோட்டில் முதலில் நாலு வரி வரவில்லை. "கட்டு நன்றாக இருக்கிறது. வெளியே போகவில்லை" என்று இரண்டு வரியில் நின்றுவிடும். எழுத்தெல்லாம் கோழி நடந்த மாதிரி. ஒரு மாதம் போவதற்குள் பக்கத்தில் பாதி எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

புண்ணும் தேறி வந்தது. நாற்றம் முதலில் போனது. அப்புறம் வெள்ளையாக இருந்த அடிப்பக்கத்தில் தக்காளியின் உள்பக்கம் மாதிரிச் சிவப்பாகச் சதை தெரிந்தது. ஸ்கேலில் பார்த்தால் அஞ்சு ரூபாய்க் காசு ஐம்பது பைசாவாகி இருந்தது. மருமகள் செல்போனில் அந்தப் போட்டோக்களை வரிசையாக வைத்து, என் மகனுக்கு வடக்கே அனுப்பினாள். "சோறு திங்கற நேரத்துல இதை அனுப்பறியே அம்மணி" என்று அவன் பதிலுக்குக் கேட்டானாம்.

அப்போதுதான் நோம்பி வந்தது.

நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா; எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் சித்திரையில் வரும். பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கி, கோயிலுக்கு முன்னால் மூன்று கிளை பிரிகிற மாதிரி முக்கவராக வெட்டிய மரத்தைக் கம்பமாக நடுவார்கள். அது ஆத்தாளின் புருஷன். அன்றிலிருந்து நோம்பி முடிகிற வரைக்கும் தினமும் விடிகாலையில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் குளித்து ஈரத்துணியோடு, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றுவோம். காலில் செருப்பு இருக்கக்கூடாது. கம்பம் நடும்போது ஊரில் இருந்தவர்கள், அது நிற்கிற வரைக்கும் பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும், வெளியூரில் தங்கக்கூடாது.

இதை வெறும் சடங்கு, சாங்கியம் என்று மற்றவர்கள் நினைக்கலாம். எனக்கு அப்படி இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு கல்யாணம், சீர் எதிலும் நான் முன்னால் நின்றதில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில் தாலி இருக்கிறவள், இல்லாதவள் என்ற பேச்சே கிடையாது. வரிசையில் யார் முன்னால் வந்தார்களோ அவர்கள் முதலில் ஊற்றுவார்கள். வருஷத்தில் பதினைந்து நாள் நான் எல்லாரோடும் சேர்ந்து வரிசையில் நிற்பேன். ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

கம்பம் நட்ட மறுநாள் ஓரகத்தி அக்கா குடத்தோடு வாசலில் வந்து நின்றார். "என்ன அம்மணி, காலைத் தூக்கி வெச்சுட்டு மகாராணியாட்டம் உக்காந்திருக்கற. ஆத்தா கேக்கமாட்டாளா?"

"கட்டு நனையக்கூடாதுன்னுட்டாங்கக்கா."

"காலுக்கா ஊத்தற? கம்பத்துக்குத்தான ஊத்தற?"

 மருமகள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நூல் கோன் வருகிற கனமான பிளாஸ்டிக் பை ஒன்று வீட்டில் இருந்தது. அதற்குள் காலை விட்டு, கணுக்காலில் தறி நூலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். நூல் கட்டுவதில் என் கை எப்போதும் தவறாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று நம்பினேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய் ஊற்றினேன். கம்பத்தடியில் மண் சேறாகக் கிடந்தது. பையோடு அந்தச் சேற்றில் ஊன்றித்தான் நடந்தேன். மனசுக்கு நெம்ப நிறைவாக இருந்தது. அதையும் மறைக்கக்கூடாது.

இப்படி மூன்று நாள். மூன்று நாளும் நோட்டில், "வீட்டில் இருந்தேன். கட்டு நனையவில்லை" என்று எழுதினேன்.

நான் செய்த தப்பு தண்ணீர் ஊற்றியது மட்டும் அல்ல. பையை அவ்வளவு இறுக்கிக் கட்டினால் காலுக்கு ரத்தம் ஓடாது. உள்ளே வேர்வை புழுங்கும். உணர்ச்சி இருக்கிற கால் என்றால் அரை மணியில் மரத்துப்போய்ச் சொல்லிவிடும். என் கால் எதையும் சொல்லாத கால். எங்கேயோ பையில் கல் கிழித்திருக்கிறது. சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மூன்றாம் நாள் பிரித்தபோது துணிக்கட்டு மஞ்சளாக ஊறிக் கிடந்தது. மேல்சுற்றை எடுத்துவிட்டு வேறு துணி சுற்றிக்கொண்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார். "என்னங்கம்மா, உள்ள ஈரமா இருக்குது?"

"வேர்வைங்க. வெயிலுங்கள்ல."

ஸ்கேல் வைத்தார்கள். ஐம்பது பைசா மறுபடி அஞ்சு ரூபாயாகி, ஓரம் கறுத்திருந்தது. சுண்டுவிரல் வீங்கியிருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு நோட்டை வாங்கிப் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் கதவோரமாகப் போய் இன்னொரு டாக்டரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "இவங்க எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்காங்க. அப்பறமும் இப்படின்னா, மருந்து கேக்கலைன்னுதான் எழுதோணும்."

அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன்.  என் கால் போனால் அது நான் செய்த தப்புக்கு. அதை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விரல்விட்டு எண்ணுகிற ஆட்களில் நான் ஒருத்தி. எனக்குக் கேட்கவில்லை என்று அங்கே எழுதினால், எங்கள் வீதி அம்மா மாதிரி ஜன்னலோரம் உட்காரப்போகிற யாரோ ஒருத்திக்கு இந்த மருந்து போகாமலே நின்றுவிடலாம். பெற்ற குழந்தையின் கொடியைக் கேட்டதும் கொடுத்த ஒரு தாய் எங்கேயோ இருக்கிறாள். அவள் கொடுத்ததை நான் சேற்றில் மிதித்துவிட்டு, பழியை மருந்தின் மேல் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. மருமகள் வேலைக்குப் போன பிறகு பஸ் ஏறினேன். தனியாகக் கோயமுத்தூர் போனது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வேறு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம். இன்றைக்கு உங்க நாளு இல்லீங்களே என்றார் வாசலில் இருந்தவர். எப்போதும் போல என்றால் செரிங்க என்று திரும்பியிருப்பேன். "இல்லீங்க. நான் பாக்காம போகமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஆனால் நேரில் எப்படிச் சொல்வது? அத்தனை பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பொய் எழுதிய மூன்று நாளையும் அடித்துவிட்டு, அதன் கீழேயே எழுதினேன். "கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். செருப்பு இல்லை. காலில் பை கட்டி நூலால் இறுக்கினேன். மூன்று நாளும். மூன்றாம் நாள் கட்டு நனைந்தது. நான் மேல் துணியை மாற்றினேன். வேர்வை இல்லை. மருந்தின் மேல் தப்பு இல்லை." அவ்வளவுதான் வந்தது. உள்ளே போய் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்கம்மா இதை நேத்தே சொல்லல?"

"கோவிச்சுக்குவீங்கன்னுங்க."

"இப்ப மட்டும் கோவமில்லைன்னு நெனைக்கறீங்களா?"

"இருக்குமுங்க."

"நெம்ப இருக்குதுங்க" என்றார். ஆனால் எழுந்து வந்து என் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். கட்டைப் பிரித்துப் பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது. சிவப்பு பாதத்தின் மேல் பக்கம் ஏறியிருந்தது. "இன்னிக்கே படுத்தாகோணும். ஊசியில மருந்து ஏத்தோணும், உள்ள சுத்தம் பண்ணோணும். ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லாதீங்க."

ஊரில் கம்பம் நின்றுகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் போக வேண்டும். கம்பம் நடுவதைப் பார்த்துவிட்டு வெளியூரில் தங்கியவர் என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தர் பெயர்கூடக் கிடையாது. ஆத்தாளிடம் மனசுக்குள் சொன்னேன், நீ நிற்க உனக்கு ஒரு கம்பம் இருக்கிறது, நான் நிற்க எனக்கு இந்தக் கால்தான். அதற்குமேல் யோசிக்கவில்லை.

"படுத்துக்கறேனுங்க" என்றேன். அன்றைக்கு நான் செரிங்க என்று சொல்லவில்லை, நானாகச் சொன்னேன்.

சீழ் சுண்டுவிரலின் எலும்பு வரைக்கும் போயிருந்தது. விரலை எடுத்தார்கள். மூன்று நாள் தண்ணீருக்கு ஒரு விரல். பாதம் நின்றது.

நாலாம் நாள் ஓரகத்தி அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். மருமகள் சொன்னதை வைத்து ஊரில் பேச்சு முளைத்திருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, உட்காராமலே கேட்டார். சர்க்கரைக்காரிக்கு வாழைப்பழம்.

"ஆத்தாளுக்கு ஊத்துன தண்ணியாலதான் புண்ணு பெருத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தியாமா? கம்பம் நிக்கறப்ப எல்லையைத் தாண்டிப் படுத்தும் கெடக்கற. சனம் என்ன பேசுது தெரியுமா?"

வழக்கமாக அக்கா பேசினால் நான் தரையைப் பார்ப்பேன். அன்றைக்கு முகத்தைப் பார்த்தே சொன்னேன். "தண்ணி மேல நான் எழுதலீங்கக்கா. பையைக் கட்டுனது நானு. பொய் எழுதுனது நானு. அதைத்தான் எழுதினேன். சனம் கேட்டா இப்படியே சொல்லுங்க."

"நீ இவ்வளவு பேசுவியா?" என்றார் அக்கா.  அப்புறம் கட்டில் நுனியில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்து அவரே தின்றார். "உன்ர பங்குக் கொடத்தையும் சேத்து நானே ஊத்திக்கறேன் போ" என்றார். கம்பம் எடுக்கிற வரைக்கும் அவர் தினமும் இரண்டு குடம் கொண்டுபோனதை மருமகள் பார்த்துவந்து சொன்னாள்.

அந்த மருந்தை எனக்குத் தொடர்வார்களா என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. மேலே இருக்கிறவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அப்படியே அனுப்பினார். நனைந்ததை நனைந்தது என்று குறித்துக்கொண்டு தொடரலாம் என்று பதில் வந்தது. சீழ் முழுக்க நின்ற பிறகு மறுபடி புட்டி, மறுபடி சிஸ்டரின் உள்ளங்கை, மறுபடி ஸ்கேல். இந்தத் தடவை நான் ஸ்டூலிலிருந்து காலை இறக்கவே இல்லை. துக்கத்துக்குப் போகவில்லை, வளைகாப்புக்குப் போகவில்லை. கூப்பிட்டவர்களிடம் எல்லாம், "வர முடியாதுங்க, காலு ஆறோணும்" என்று நானே சொன்னேன். மருமகள் ஒருநாள், "அத்தைக்கு வேண்டாங்கற வார்த்தை கெடைச்சுப்போச்சு, இனி நம்ம பாடு திண்டாட்டந்தான்" என்று என் மகனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் என்று சொன்னது ஆறு மாதம் ஆனது. விரல் எடுத்த இடம் முதலில் மூடியது. பழைய புண் அரிசி அளவுக்கு வந்து வெகுநாள் அப்படியே நின்றது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சிஸ்டர் கட்டைப் பிரித்துவிட்டு ஸ்கேலைக் கையில் எடுத்தார், வைப்பதற்கு இடம் இல்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது அந்த மருந்தாலதானுங்களா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"தெரியாதுங்கம்மா. ஊசி மருந்தும் இருக்குது, செருப்பும் இருக்குது, நீங்க காலைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்ததும் இருக்குது. உங்க ஒருத்தரை வெச்சு நான் சொல்லமுடியாது. எல்லாரையும் சேத்துப் பாத்தாத்தான் தெரியும். ஆனா உங்க நோட்டுல எழுதியிருக்கறது நெஜம். அது எனக்குப் போதும்."

மருந்தால்தான் ஆறியது என்று பொய்யாகப் பெருமைப்படவும் அவர் என்னை விடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

போன மாதம் கால் காட்டப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் அவிநாசிப் பக்கத்துக்காரர் ஒருத்தர், குதிகாலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே டாக்டரம்மா சொன்னதற்கெல்லாம் செரிங்க, செரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தவர். கையில் புது நோட்டு. முன்பின் தெரியாத ஆம்பளையிடம் நான் பேசியதே இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு இந்த நாலு மாசத்துல காலை மிதிச்சு ஆவோணுங்கற காரியம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேரு வருதுங்க. வடம் புடிக்கோணும். அப்பன் காலத்துல இருந்து புடிக்கறது. அதை எதுக்குங்க இவுங்ககிட்டச் சொல்லீட்டு?"

"சொல்லுங்க" என்றேன். "இப்பவே சொல்லிப்போடுங்க. வேண்டாம்பாங்க. வருத்தமாத்தான் இருக்கும்."

அவர் சிரித்தார். நான் செருப்பைக் கழற்றி, விரல் இல்லாத இடத்தைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். குதிகாலைத் தூக்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், டாக்டரம்மாவின் கதவைத் தட்டினார்.